அணையின் நீர்மட்டமும் படத்தின் அச்சும்

பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் விளக்கப்படங்கள் இக்காலத்தில் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் மலிந்து கிடக்கின்றன. கீழ்பவானிப் பாசனத்தை நம்பிய கொங்குநாட்டு விவசாயி, நெல்லா, கடலையா, எள்ளா என்று யோசிக்கும்போது இவற்றையும் நோக்குகிறார். ஆகவே இவற்றை வரைவோரின் பொறுப்பு அற்பமானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

அடிக்கடி நேரும் பிழையொன்றைக் கூறுவோம். நீர்மட்டம் 100 அடியிலிருந்து 90 அடிக்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். படத்தின் நிமிர்ந்த அச்சை 80-இல் தொடங்கினால், முதற் கம்பம் இருபது பங்கு உயரமாகவும் அடுத்தது பத்துப் பங்கு உயரமாகவும் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அணை பாதி வற்றிவிட்டது! கண் கம்பத்தின் நீளத்தையே அளக்குமாதலால், கம்பப் படம் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எனினும் இதை எல்லாவற்றுக்கும் விதியாகக் கொள்ளலாகாது. கோவை நகருக்குக் குடிநீர் தரும் சிறுவாணி நீர்த்தேக்கத்தின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, முழுமட்டம் 878.50 மீட்டர். பூஜ்யத்திலிருந்து வரைந்தால் நிரம்பிய நாளும் வறண்ட நாளும் ஒரே உயரமாகத் தோன்றும். நகரத்தின் தாகமெல்லாம் சுமார் பதினைந்து மீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே கம்பத்தை விட்டுக் கோடாக வரைந்து, நீர் எடுக்கக்கூடிய அடிமட்டத்திலிருந்து அச்சைத் தொடங்கி, அவ்விவரத்தைப் படத்திலேயே எழுதிவிடுதல் நியாயம்.

இதனினும் சூக்ஷ்மமானது ஒன்றுண்டு. பவானிசாகரின் முழுமட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நீர் 52 அடி நின்றால் பாதி இருப்பதாக எண்ணுவோர் ஏமாறுவர். அடியில் குறுகி மேலே அகன்ற தேக்கமாதலால் அப்போது கால் பங்குகூட இராது. அச்சில் உயரத்தைக் குறிக்காமல் நீரின் கன அளவைக் குறித்தாலன்றி வயலுக்குரிய உண்மை விளங்காது. இடப்புறம் ஓர் அளவு, வலப்புறம் ஓர் அளவு என்று இரண்டையும் ஒரே படத்தில் திணிப்பது குழப்பத்துக்கே வழி. இரண்டு படங்களாக ஒன்றன்கீழ் ஒன்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஊர்ப் பெயர்களின் அவஸ்தையையும் சொல்ல வேண்டும். மழையளவுப் படங்களில் மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் முதலியவை கம்பங்களின் கீழ் சரிந்து ஒன்றையொன்று மறைக்கின்றன. சிலர் பெயர்களையே வெட்டிவிடுகிறார்கள். பாவம், ஊர்கள் என்ன பிழை செய்தன? கம்பங்களைப் படுக்கவைத்தால் பெயர்கள் பக்கத்தில் நேராக அமரும். 1786-இல் வில்லியம் பிளேபேர் ஸ்காத்லாந்தின் வர்த்தகத்தைப் படமாக்கியபோது, கம்பங்களைப் படுக்கவைத்தே தேசங்களின் பெயர்களைப் பக்கத்தில் எழுதினார்.