நாய் காணாமற் போனால்

லயத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. காலையில் பிரட்டுக்குக் கூடவே வரும், கொழுந்து எடுக்கும்போது கான் ஓரத்தில் படுத்திருக்கும், பின்னேரம் வீடு வந்து சேரும். ஒருநாள் வராவிட்டால் "ஊர் சுத்திட்டு வந்துரும்"னு விட்டுவிடுகிறோம். பொட்டை நாய்க்குப் பின்னால் போன கடுவன் இரண்டு மூன்று நாளில் மெலிந்துபோய் வரும், உண்மைதான். ஆனால் சுருக்கில் மாட்டிய நாய் அப்படி வராது.

மரக்கறித் தோட்டத்தில் பன்றி இறங்குகிறது என்று காட்டோரத்தில் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, நாய் எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது. சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம்.

ஆகையால் அன்றைக்கே தேடுங்கள். பயந்த நாயும் காயப்பட்ட நாயும் கூப்பிட்டாலும் சத்தம் போடாது. ஆள் நடமாட்டம் குறைந்த விடியற்காலையில் கான், மதகு, காட்டோரம் எல்லாம் பாருங்கள். சிறுத்தை நடமாடும் இடமென்றால் தனியாகப் போக வேண்டாம். இருட்டில் தேயிலைக்குள் இறங்கவே வேண்டாம். பிரட்டில் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா மலைக்கும் செய்தி போய்விடும். இராக்காவல்காரரையும் கேளுங்கள். அது படுக்கும் சாக்கை வாசலில் போட்டு வையுங்கள்.

சுருக்கில் கண்டால் வெறுங்கையோடு கிட்டப் போகாதீர்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். தலைமேல் சாக்கைப் போட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் குறட்டால் கம்பியை வெட்டட்டும். மாட்டியிருப்பது சிறுத்தை என்றால் ஒதுங்கி நின்று வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

நாய் திரும்பி வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும். அதற்கு முன் நீங்கள் பாருங்கள். உடம்பில் கடித்த காயம் இருந்தால் கட்டிவையுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாயின் எச்சில் காயத்தில் பட்டிருந்தால் நோய் பல கிழமை, சில சமயம் மாதக்கணக்கு கழித்தும் வரும். "வந்து நாலு நாளாச்சு, நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சை இங்கே நம்ப முடியாது.

அந்த நாய் யாரையாவது கடித்தால், பிறாண்டினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பீலித் தண்ணீர் போதும். மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். ஒருநாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள்: நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்தில்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். அது எப்படியிருக்கிறது என்று டாக்டர் கேட்பார்.

இதற்கெல்லாம் முன்கூட்டிச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வருசா வருசம் நாய்க்கு ஊசி போடுங்கள். அந்தக் கார்டை அடையாள அட்டையோடு வையுங்கள். சமையலறைக் கூரையில் செருகினால் புகையிலும் மழையிலும் போய்விடும். செவலை நாய் எல்லாம் ஒரே மாதிரி, ஆகவே கழுத்தில் ஒரு வாரைக் கட்டி டிவிசனும் லயத்து நம்பரும் அழியாத மையால் எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோறு வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடித்துப் பழக்குங்கள். தேடும்போது அதே விசிலை அடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்று காது கொடுங்கள்.