மகனுக்கு விசா எப்போது?

தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. மறுநாள், 3-ந் தேதி, அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவில் வைத்து, ஜனாதிபதி ஜான்சன் அதில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அன்று ஒன்றும் இல்லை. இன்று உண்டு!

அதற்கு முன்பு, அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100 தான். புதிய சட்டம் கதவைத் திறந்தது. அங்கே குடியுரிமை பெற்றவர்கள் சொந்தக்காரர்களை அழைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் வாசலில் நீண்ட கியூ!

அரூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் அக்காள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். தம்பிக்காக மனுப் போட்டார். அப்போது தம்பி மகனுக்கு வயது 8. இந்த வரிசையில் இந்தியர் காத்திருக்கும் காலம், 2024-ம் ஆண்டு இறுதி நிலவரப்படி, 18 ஆண்டுக்கு மேல். முறை வரும்போது மகனுக்கு 26 வயது ஆகிவிட்டது.

அங்கேதான் சிக்கல். அமெரிக்கச் சட்டப்படி, 21 வயது நிரம்பியவன் "பிள்ளை" அல்ல. அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் தங்கை மூவரும் விமானம் ஏறலாம். மகன் நிற்க வேண்டியதுதான். தாய்க்கு அவன் 40 வயதிலும் பிள்ளை. சட்டத்துக்கு அது தெரியாது!

2002-ம் ஆண்டு ஒரு சலுகை வந்தது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதில் கழித்துக் கொள்ளலாம். 23 வயது, மனு கிடந்தது 3 ஆண்டு என்றால், வயது 20 என்றே கணக்கு. கலியாணம் ஆகாதவனாக இருந்து, ஓராண்டுக்குள் விசா கேட்டால் கூடவே போகலாம். அரூர் மகனின் மனு 2 ஆண்டில் முடிந்துவிட்டது. கழித்தாலும் 24. பயன் இல்லை.

அமெரிக்கா போன அப்பா, மகனுக்காகப் புதிதாக மனுப் போடலாம். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை போதும். இந்த வரிசையில் சுமார் 8 ஆண்டு. அதாவது மகனுக்கு 34 வயது!

கலியாணம் செய்தால்?

அதுவரை பெண் பார்க்காமல் இருப்பார்களா? பாட்டி விடுவாளா?

அப்பா பச்சை அட்டைக்காரராக இருக்கும்போது மகன் தாலி கட்டினால், மனு அன்றே செத்துவிடும். அப்பா குடியுரிமை பெறும் வரை பொறுத்தால் சாகாது. பச்சை அட்டை கிடைத்துப் பொதுவாக 5 ஆண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம். அதன்பின் கலியாணம் செய்தால், மணமான மகன்களின் வரிசைக்கு மனு மாறும். அங்கே காத்திருப்பு ஏறத்தாழ 14 ஆண்டு. பழைய தேதி மட்டும் நிலைக்கும். மருமகளும் குழந்தைகளும் கூடவே போகலாம் என்பது ஒரு ஆறுதல்.

ரகசியமாகத் தாலி கட்டிவிட்டு "பிரம்மச்சாரி" என்று எழுதிக் கொடுத்தால்? பொய் வெளிப்பட்டால் வாழ்நாள் தடையே வரலாம்.

மனுக் கொடுத்த தேதிதான் வரிசை எண். எந்தத் தேதி வரை முறை வந்தது என்று அமெரிக்க வெளியுறவு இலாகா மாதந்தோறும் அறிவிக்கிறது. சில மாதம் தேதி நகரும். சில மாதம் அசையாது. பின்னுக்குப் போவதும் உண்டு! "பணம் கொடுங்கள், முன்னால் தள்ளிவிடுகிறேன்" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தத் தேதி மனுவுக்கு வரும் ரசீதிலேயே இருக்கும். பத்திரத்தோடு பத்திரமாக அதையும் பெட்டியில் வையுங்கள்.