கொரிய நாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி

ஹட்டன் நகருக்கு அணித்தாய், கெசல்கமு ஓயாவின் கரையில் அமைந்துள்ள சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். சுற்றிலும் தேயிலை மலைகள். நடுவே அணைகட்டித் தேக்கிய நீர்நிலை. இங்குத் தேங்கும் நீரே 1950 ஆம் ஆண்டு முதல் லக்சபான மின்னிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றி வருகின்றது. காசல்ரீ நீரினால் இயங்கும் விமலசுரேந்திர மின்னிலையமும் 1965 ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே தொழிற்படத் தொடங்கியது. தலைநகரத்துத் தெருக்களுக்கு ஒளி வழங்கிய இம்மலைகளின் லயன்களிற் பல, நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன என்பதை முதியோர் மறந்திலர்.

அந்த லயன்களிலிருந்து இன்று பட்டதாரிகள் தோன்றுகின்றனர். தாய் கொழுந்து பறித்து ஈட்டிய பணத்திற் பயின்று, ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்ற இளைஞரும் யுவதியரும் அவர்களுள் உளர். அத்தகைய ஒருவர் கேட்கக்கூடிய வினா இது: “கொரிய நாட்டு அரசாங்கப் பாடசாலைகளில் வெளிநாட்டார் ஆங்கிலம் கற்பிக்கின்றனராமே, அப்பணியை அடையும் வழி யாது?” வினா சிறியதாயினும் விளைவு பெரிது. தவறான விடையை நம்பினால், ஒரு தாயின் ஊழியர் சேமலாப நிதி முழுவதும் தரகன் ஒருவன் கைக்குப் போய்விடக்கூடும். ஆதலின் இவ்வினாவுக்குத் தெளிவான விடை வேண்டும்.

முதற்கண், கொரியர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அயல்நாட்டாரை அழைப்பது ஏன் என்பதை அறிதல் நன்று. இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1880 களில் கொரிய அரசு மேனாடுகளோடு உடன்படிக்கைகள் செய்துகொண்ட காலத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டனர். 1886 ஆம் ஆண்டில் அரசாங்கமே ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நிறுவி, அமெரிக்காவிலிருந்து மூன்று ஆசிரியர்களை வரவழைத்தது. அவர்களுள் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட் என்பார். தமிழருக்கு அவர் பெயர் சுவை பயப்பது. ஏனெனில், கொரிய மொழியின் இலக்கணத்தைத் திராவிட மொழிகளின் இலக்கணத்தோடு ஒப்பிட்டு 1905 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இரு மொழிக் குடும்பங்களும் ஒன்றே என்னும் கொள்கையை இக்கால மொழியியலறிஞர் ஏற்பதில்லை. எனினும், வாக்கியத்தின் இறுதியில் வினை வருவதும், பெயருக்குப் பின்னே உருபு ஒட்டுவதும் இரு மொழிகளுக்கும் பொதுவான இயல்புகள் என்பதில் ஐயமில்லை.

ஜப்பானிய ஆட்சி 1945 இல் நீங்கி, 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த போரினால் நாடு சிதைந்து கிடந்தது. பின்னர், 1966 முதல் 1981 வரை அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் தென்கொரியாவிற் பணிபுரிந்தனர். அவர்களுட் பலர் பாடசாலைகளில் ஆங்கிலம் போதித்தனர். ஏற்றுமதி வர்த்தகம் வளர வளர ஆங்கிலத்தின் தேவையும் வளர்ந்தது. 1995 ஆம் ஆண்டில், சுருக்கமாக ‘எபிக்’ எனப்படும் ஆங்கிலக் கல்வித் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. 1997 இல் ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலம் ஒரு பாடமாயிற்று. கிராமத்துச் சிறு பாடசாலைகளிலும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் நிற்கும் காட்சி இவ்வாறு தோன்றியது.

அப்பணியின் தன்மை பின்வருமாறு. வெளிநாட்டு ஆசிரியர் வகுப்பைத் தனியே நடத்துவதில்லை. கொரிய ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார். இலக்கணத்தையும் பரீட்சையையும் அவர் கவனிக்க, உச்சரிப்பையும் உரையாடலையும் வெளிநாட்டவர் பயிற்றுவிப்பார். வாரத்திற்குக் கற்பிக்கும் நேரம் 22 மணி. ஒப்பந்தம் ஓராண்டுக்கு, இருவரும் இசைந்தால் புதுப்பிக்கலாம். மாதச் சம்பளம் 20 இலட்சம் வொன்னுக்கு மேற்பட்டது. குடியிருப்பதற்கு வீடும் தரப்படும். அல்லது அதற்கு ஈடான பணம் தரப்படும். கல்வியாண்டு மார்ச் மாதத்தில் தொடங்குவதால், ஆசிரியர் சேர்ப்பு ஆண்டுக்கு இருமுறை, இளவேனிற் பருவத்துக்கும் இலையுதிர் பருவத்துக்குமாக நிகழும். பட்டச் சான்றிதழ், குற்றப்பதிவு இன்மைக்கான அத்தாட்சி, தேகநலச் சான்று, நூறு மணி நேரத்துக்குக் குறையாத ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி அல்லது கல்வியியற் பட்டம் ஆகியன வேண்டப்படும். நேர்முகப் பரீட்சையும் உண்டு. விண்ணப்பிப்போரிடம் இத்திட்டம் கட்டணம் எதுவும் பெறுவதில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வளவையும் கேட்கும் நோட்டன் பிரிட்ஜ் பட்டதாரி, “இத்தகுதிகள் என்னிடமும் உள்ளனவே!” என்று மகிழ்தல் கூடும். ஆனால் வாயிலில் மற்றொரு நிபந்தனை நிற்கின்றது. அத்திட்டத்திற் சேர்வோர் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளுள் ஒன்றன் பிரசையாய் இருத்தல் வேண்டும். ஏழாம் வகுப்பு முதல் அந்நாடுகளிலேயே ஆங்கில மூலம் பயின்றிருத்தலும் வேண்டும். ஆங்கிலம் கற்பிப்போர்க்கு வழங்கப்படும் ‘ஈ-2’ என்னும் நுழைவுரிமையும் இவ்வேழு நாட்டாரையே முதன்மையாகக் கருதியது. இலங்கைக் கடவுச்சீட்டு அப்பட்டியலில் இல்லை. பரீட்சைப் பெறுபேறு எத்துணைச் சிறந்ததாயினும் இந்நிலை மாறுவதில்லை.

இந்த விதி ஒரே குலத்துதித்தோரை எவ்வாறு பிரித்து நிறுத்துகின்றது என்பதைச் சற்று நோக்குவது பொருத்தமாகும். ஒரு பாட்டனாரின் வழிவந்த பேரப்பிள்ளைகள் மூவரை எடுத்துக்கொள்வோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் நோட்டன் பிரிட்ஜில் இருக்கின்றார். இரண்டாமவரின் பெற்றோர் கனடாவிற் குடியேற, அவர் டொரன்ரோவிற் பிறந்து அங்கேயே படித்தார். வாயில் அவருக்குத் திறந்திருக்கின்றது. மூன்றாமவரின் குடும்பம், 1964 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரசைகளாகி, கப்பலேறிச் சென்று நீலகிரியிற் கூடலூர்ப் பக்கத்திற் குடியமர்ந்தது. அவ்வொப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974 இல் முடிவாயிற்று.

அந்த மூன்றாமவருக்கு இன்று ஒரு சிறு வாயில் உண்டு. இந்தியாவும் கொரியாவும் 2009 ஆம் ஆண்டிற் செய்துகொண்டு, 2010 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டுறவு உடன்படிக்கை, ஆங்கில உதவி ஆசிரியர்களைப் பற்றியும் பேசுகின்றது. பட்டமும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியத் தகுதிச் சான்றும் உடைய இந்தியப் பிரசை கொரியாவின் ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளில் உதவி ஆசிரியராகலாம். ஆனால் எபிக் திட்டத்தின் பட்டியலோ அந்த ஏழு நாடுகளே. ஆகவே இந்தியப் பிரசை ஒருவர், தம்மை ஏற்று ஒப்பந்தம் செய்யும் கல்வி அலுவலகத்தையோ பாடசாலையையோ முதலில் தேடிக்கொள்ளல் வேண்டும். கூடலூரிற் கல்வியியற் பட்டம் பெற்று ஆங்கில ஆசிரியரான பேத்திக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டு. நோட்டன் பிரிட்ஜில் அதே பாடத்தை அதே திறத்தோடு கற்பிக்கும் பேரனுக்கு அவ்வுரிமை இல்லை. பாட்டனார் எந்தக் காகிதத்திற் கையொப்பமிட்டார் என்பதே வேறுபாடு.

மலையக மக்களுக்குக் காகிதத்தின் வலிமை புதிய செய்தியன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அக்குறை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலுமே தீர்க்கப்பட்டது. ஆகவே, “எனக்கு அறிவு போதவில்லை போலும்” என்று அந்த இளைஞர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ள வேண்டுவதில்லை. அங்கு அளக்கப்படுவது பயின்ற இடமும் பிரசாவுரிமையுமே.

அவ்விதிக்குக் கொரியர் கூறும் நியாயம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோரிடமிருந்தே பேச்சைப் பழகவேண்டும் என்பது. அதிற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் கற்பித்தற் கலை வேறொன்றையும் வேண்டுகின்றது. கொரியச் சிறுவன் ஒருவன் ஆங்கில வாக்கியத்தில் வினையை இறுதிக்குத் தள்ளுகின்றான். பெயருக்கு முன்வரும் சிறு சொற்களை விட்டுவிடுகின்றான். ‘எஃப்’ என்னும் ஒலியைப் பகரமாக்கி ‘கொப்பி’ என்கின்றான். இலங்கைத் தமிழ்ச் சிறுவனும் அதே பானத்தைக் ‘கோப்பி’ என்றே அழைக்கின்றான். வினையையும் அவ்வாறே இறுதியில் வைக்கின்றான். இத்தவறுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைத் தாமும் அதே தவறுகளைச் செய்து திருத்திக்கொண்ட ஆசிரியர் உடனே உணர்வார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோர்க்கு அது படித்தறிய வேண்டிய செய்தி. கொரிய வாயில் இத்திறமையைக் கணக்கிற் கொள்ளவில்லை. ஆனால் அத்திறமை பயன்படும் இடங்கள் வேறு உள.

அவற்றைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. “இலங்கைக் கடவுச்சீட்டே போதும், கொரிய அரசாங்கப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தருகின்றேன்” என்று பணம் கேட்போர் சொல்வதை நம்பலாகாது. உல்லாசப் பயணிக்குரிய நுழைவுரிமையிற் சென்று கற்பிப்பது அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. அகப்பட்டவர் நாடு கடத்தப்படுவார். வெளிநாட்டு வேலை எதுவாயினும், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். 1989 என்னும் இலக்கத்தில் தொலைபேசி வாயிலாகவும் கேட்கலாம்.

இனி, உண்மையிலேயே திறந்துள்ள வாயில்கள். முதலாவது, கொரிய அரசாங்கம் வழங்கும் புலமைப்பரிசில். எபிக் திட்டத்தை நடத்தும் அதே சர்வதேசக் கல்வி நிறுவனம் இதனையும் நிர்வகிக்கின்றது. இதற்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். விமானச் செலவு, கல்விக் கட்டணம், மாத உபகாரப் பணம் ஆகியவற்றோடு, பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு கொரிய மொழிப் பயிற்சியும் உண்டு. உயர்பட்டம் பெற்ற பின் சர்வகலாசாலை விரிவுரையாளராகும் வழியை அந்த ஏழு நாட்டு விதி தடுப்பதில்லை.

இரண்டாவது, 2004 ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் தொழில் அனுமதித் திட்டம். இஃது இரு அரசாங்கங்களுக்கிடையே நேரடியாக நிகழ்வது. தனியார் தரகருக்கு இதில் இடமில்லை. 18 வயது முதல் 39 வயது வரையிலானோர் கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியெய்தி விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை தொழிற்சாலை, மீன்பிடி முதலிய துறைகளிலேயன்றிப் பாடசாலையில் அன்று. பட்டதாரி இதனை அறிந்து தெரிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, அண்மையிலுள்ள மாலைத்தீவு. 1961 ஆம் ஆண்டில் அங்கு ஆங்கில மூலக் கல்வி தொடங்கிய நாளிலிருந்து இலங்கை ஆசிரியர்கள் அந்நாட்டுப் பாடசாலைகளிற் பணியாற்றி வந்துள்ளனர். ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் இலங்கையர்க்குக் கொரியாவினும் இவ்வழி எளிது.

நான்காவது வாயில் வீட்டுக்கு அருகிலேயே உள்ளது. இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேதான். அந்த முப்பது ஆண்டுத் தாமதத்தின் சுவடு, ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்பறைகளில் இன்றும் தெரிகின்றது. கொட்டகலைப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, ஜெர்மன் நாட்டு உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்றுவிக்க எழுந்தது. களுத்துறையிலுள்ள பஸ்துன்ரட்ட கல்லூரி ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றின்படி இக்கல்லூரிகளுக்குத் தெரிவு நடைபெறும். இரண்டாண்டு விடுதிப் பயிற்சியும் ஓராண்டுப் பாடசாலைப் பயிற்சியும் உண்டு. பட்டதாரிகள் ஆசிரிய சேவைக்கான போட்டிப் பரீட்சை வழியாகச் சேரலாம்.

இங்குச் சம்பளம் கொரியச் சம்பளத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. குடும்பக் கடனைச் சுமக்கும் ஒருவர் கடல் கடந்து செல்ல விரும்பினால் அதனைக் குறைகூறுதல் முறையன்று. வேண்டுவது, செல்லும் வழியைச் செவ்வையாக அறிந்து செல்லுதலே. கடவுச்சீட்டு எதுவென முதலிற் பார்த்து, அதன் பின்னரே பணத்தைப் பற்றி யோசிப்பவர் ஏமாறமாட்டார்.

கொரியர் தம் நாட்டுக் கிராமத்துச் சிறுவனுக்கு ஆங்கிலம் வரவேண்டுமென்பதற்காக, உலகின் மறுகோடியிலிருந்து ஆசிரியரை வரவழைத்து, வீடும் தந்து, சம்பளமும் தருகின்றனர். நோட்டன் பிரிட்ஜ்ச் சிறுமிக்கு அத்தகைய ஆசிரியர் அவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டுவதில்லை. ‘கோப்பி’ என்னும் ஒலியிலிருந்து தொடங்கி ஆங்கிலத்தைத் தாமே வென்ற ஒருவர், அடுத்த லயனிலேயே இருக்கக்கூடும். அவரை அந்த வகுப்பறையில் நிறுத்தி, அவர் அங்கே நிலைத்திருக்கத் தக்க ஊதியமும் உறைவிடமும் தருவது, கொரியாவிடமிருந்து இந்நாடு கற்கவேண்டிய பாடமாகும்.