முகம் மங்கல், சுவர் பளிச்! ஆலம்பரைக் கோட்டையில் ஒரு ஃபோகஸ் பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை. இடிந்து கிடக்கும் செங்கல் பாளத்தின் மேல் தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தியின் கையில், அலமாரியில் பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஜிட்டல் கேமரா. ஐந்து மீட்டர் தள்ளி நின்று, ஜூமை இழுத்து ஒரு 'க்ளிக்'. பாட்டி ஆசையாக வாங்கிப் பார்க்கிறார்.

"ஏன்டி, பின்னாடி சுவர்ல இருக்கிற ஒவ்வொரு செங்கல்லும் தெரியுது. எங்க ரெண்டு பேர் மூஞ்சி மட்டும் புகையடிச்ச மாதிரி இருக்கே!"

"கேமரா பழசு பாட்டி... அதான்."

சுற்றுலா போய்வந்த பல குடும்பங்களின் ஆல்பத்தில் இப்படி ஒரு படமாவது இருக்கும். பழியும் வழக்கம்போல கேமராவின் மேல்தான் விழும். ஆனால், அந்தக் கேமரா சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது. எதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்!

இளைஞர்கள் மத்தியில் பழைய காம்பாக்ட் கேமராக்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கும் நேரம் இது. அவற்றில் பலரும் தொடாமலே விட்டுவிடும் ஒரு வசதி, 'மேனுவல் ஃபோகஸ்'. மெனுவில் 'எம்.எஃப்' என்று இருக்கும். அதைப் பழகிக்கொள்ள ஆலம்பரையைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது.

கேமரா ஏன் ஏமாந்தது?

ஆட்டோ ஃபோகஸில் பழைய காம்பாக்ட் கேமராக்கள் செய்வது எளிய வேலை. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும். கட்டத்துக்குள் இருக்கும் பொருளின் விளிம்புகள் எந்த இடத்தில் அதிகக் கூர்மையாகத் தெரிகின்றனவோ, அங்கே நின்றுவிடும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்தக் கட்டம் விழுந்திருக்கிறது. அங்கே தெரிந்தது, பின்னால் இருந்த செங்கல் சுவர். வரிவரியாக விளிம்புகள்! கேமராவுக்கு வேறென்ன வேண்டும்? சுவரையே பிடித்துக்கொண்டது.

காரை பூசிய வெற்றுச் சுவர், மேகமில்லாத வானம், மங்கிய மாலை வெளிச்சம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிடித்துக்கொள்ள விளிம்பே கிடைக்காமல் லென்ஸ் 'கிர்... கிர்' என்று அலையும். முன்னால் புல்லோ, மீன் வலையோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, கோட்டையைக் கைவிட்டுவிடும்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் ரகசியம்

படத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு தூரம்வரை தெளிவாக இருக்கிறதோ, அந்த ஆழத்துக்குப் பெயர்தான் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு'. கண்ணாடி போடாத தாத்தா, வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார் இல்லையா? வெளிச்சம் நுழையும் வழி குறுகினால் கலங்கலும் குறையும். கேமராவிலும் இதே கதைதான். வெளிச்சம் நுழையும் துவாரம் சிறிதாக ஆக, தெளிவின் ஆழம் கூடும்.

சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் சுமார் 6.2 மி.மீ அகலம், 4.6 மி.மீ உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாண போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சாரோ 36 மி.மீ அகலம், 24 மி.மீ உயரம். பரப்பளவில் சுமார் 30 மடங்கு பெரியது. சென்சார் சிறிதாக இருப்பதால், பெரிய கேமரா 28 மி.மீ லென்ஸில் பிடிக்கும் அதே காட்சியை காம்பாக்ட் கேமரா வெறும் 5 மி.மீ லென்ஸிலேயே பிடித்துவிடுகிறது. அப்பர்ச்சர் இரண்டிலும் 'எஃப் 2.8' என்று வைத்தாலும், பெரிய கேமராவில் துவாரத்தின் விட்டம் 10 மி.மீ, சின்னதில் 2 மி.மீ-கூட இல்லை. அதாவது, காம்பாக்ட் கேமரா எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்க்கிறது!

2 மீட்டர் மந்திரம்

இதனால் கிடைக்கும் லாபத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஜூம் செய்யாமல், எஃப் 2.8-ல், மேனுவல் ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்துங்கள். சுமார் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாமே தெளிவாக விழும். அதே காட்சியை அதே எஃப் 2.8-ல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எடுத்தால், சுமார் 9 மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும். தெளிவும் நாலரை மீட்டருக்கு மேல்தான் தொடங்கும்.

ஆகவே, பேத்தி செய்ய வேண்டியது இதுதான். ஜூமை முழுக்கக் குறைத்துவிட்டு, இரண்டு எட்டு முன்னால் போக வேண்டும். 'எம்.எஃப்' போட்டு, ஸ்கிரீனில் வரும் அளவுகோலை 2 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். இனி தாத்தா சிரிப்பதும் தெரியும், சுவரின் செங்கல்லும் தெரியும். லென்ஸ் அலைந்து தேடும் நேரமும் மிச்சம் என்பதால், பாட்டி சிரிக்கும் அந்த நொடியும் தப்பாது.

கேமராவில் 'எம்.எஃப்' இல்லையா? சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கல்லைப் பார்த்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி, வேண்டிய காட்சிக்கு வந்ததும் முழுவதும் அழுத்துங்கள்.

ஜூம்தான் இங்கே வில்லன். 4 மடங்கு ஜூமில் 5 மி.மீ லென்ஸ் 20 மி.மீ ஆகிவிடும், தெளிவின் ஆழம் சடாரென்று சுருங்கும். அதனால்தான் சுவர் பளிச்சென்றும் முகங்கள் மங்கலாகவும் விழுந்தன. இன்னொரு தவறும் உண்டு. தெளிவு கூடும் என்று நினைத்து அப்பர்ச்சரை எஃப் 8 வரை கொண்டுபோகாதீர்கள். மிகச் சிறிய துவாரத்தில் நுழையும் ஒளி சிதறி, மொத்தப் படமுமே சற்று மழுங்கிவிடும். எஃப் 2.8 முதல் 4 வரை போதும்.

'பின்னணி மங்கலா, அழகா வரணும்' என்பவர்களும் காம்பாக்ட் கேமராவைக் கைவிட வேண்டியதில்லை. கரையில் கிடக்கும் ஒரு கிளிஞ்சலை 'மேக்ரோ' மோடில் 5 செ.மீ தூரத்தில் எடுத்துப் பாருங்கள். தெளிவின் ஆழம் சுமார் 3 மி.மீ-தான்! இங்கே ஆட்டோ ஃபோகஸை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஃபோகஸை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, கேமராவோடு நீங்களே மெள்ள முன்னும் பின்னும் நகருங்கள். ஸ்கிரீனில் கிளிஞ்சலின் வரி கூர்மையாகும் நொடியில் க்ளிக்!

போனிலும் முடியும்

பல ஆண்ட்ராய்டு போன்களின் 'ப்ரோ' மோடில் 'எம்.எஃப்' உண்டு. ஒரு முனையில் பூ, மறுமுனையில் மலை. பூ என்றால் அருகில், மலை என்றால் தொலைவில். ஐபோன் கேமராவில் வேண்டிய இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இன்றைய போன்களின் பிரதான கேமராவில் சென்சார் சற்றுப் பெரியது என்பதால், 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைப்பது நல்லது.

கோட்டைக்குப் போகும்போது 'போர்ட்ரெய்ட்' மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். அது சாஃப்ட்வேர் போடும் மங்கல். உங்கள் முகத்தை அழகாகக் காட்டுவதற்காக, பின்னால் நிற்கும் கோட்டையைக் கரைத்துவிடும்.

பின்னணி ஏன் முக்கியம்?

கரையத்தான் போகட்டுமே, முகம் தெரிந்தால் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் கோட்டையின் கதையிலேயே இருக்கிறது.

மாமல்லபுரத்திலிருந்து இ.சி.ஆரில் தெற்கே சுமார் 50 கி.மீ வந்தால் கடப்பாக்கம். அங்கே, உப்பங்கழியின் கரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டை இது. 1735-ல் நவாப் தோஸ்த் அலி கானின் ஆளுகையில் இருந்தது. நாணயச்சாலையும் படகுத்துறையும் கொண்ட துறைமுகமாக விளங்கியது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர்கள் கைப்பற்றி இடித்தார்கள். 2004-லும் சேதமடைந்தது. மிச்சமிருப்பதை உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. இன்று உங்கள் படத்தில் தாத்தாவுக்குப் பின்னால் நிற்கும் சுவர், பேரக்குழந்தைகள் வளர்ந்து வரும்போது அதே உயரத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

தெளிவான ஒரு படம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் சிலை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம்வரை போய்ச் சேர்ந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். 2014-ல் நடராஜர் ஊர் திரும்பினார். படத்தில் இருப்பதையும் சிலையில் இருப்பதையும் ஒப்பிட முடிந்ததால்தான் அது சாத்தியமானது. மங்கலான படத்தை வைத்து எதை ஒப்பிடுவது?

எல்லாக் குடும்பப் படமும் வழக்கு சாட்சியாகப் போவதில்லை. ஆனால், தாத்தா எங்கே உட்கார்ந்திருந்தார், அப்போது சுவர் எவ்வளவு உயரம் இருந்தது, பின்னால் உப்பங்கழி எதுவரை வந்திருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் பத்திரமாக இருக்கும்.

அடுத்த முறை கடப்பாக்கம் போகும்போது, அலமாரியில் இருக்கும் அந்தக் கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முதல் நாளே சார்ஜ் செய்துவிடுங்கள். ஜூம் வேண்டாம், எம்.எஃப், 2 மீட்டர். முகமும் கோட்டையும் ஒரே படத்தில் பளிச்சென்று விழட்டும். பாட்டியிடம் ஸ்கிரீனைக் காட்டும்போது கேமராவின் மேல் பழி போட வேண்டிய அவசியம் இருக்காது!