ஒரே கிருமி... மூளை முதல் பாதம் வரை! - மெனிங்கோகாக்கல் எச்சரிக்கை

காலையில் லேசான காய்ச்சல், உடம்புவலி. மதியம் வாந்தி. இரவுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நன்றாக இருந்த ஒருவரை இவ்வளவு வேகத்தில் சாய்த்துவிடும் தொற்றுகள் சிலதான். அவற்றில் ஒன்று மெனிங்கோகாக்கல் தொற்று.

'மூளைக்காய்ச்சல்' என்று பொதுவாகச் சொல்லப்படும் நோய்களில் இதுவும் ஒன்று. அதனால் தலைவலியும் கழுத்து இறுக்கமும்தான் இதன் அறிகுறிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இந்தக் கிருமி மூளையோடு நிற்பதில்லை.

அமெரிக்காவின் ஏமி பர்டிக்கு 1999-ல் இந்தத் தொற்று வந்தபோது வயது 19. சாதாரண ஃப்ளூ போலத்தான் ஆரம்பித்தது. ஒரே நாளில் உயிருக்குப் போராடும் நிலை. பிழைத்தார். ஆனால், மண்ணீரலை இழந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்தன. இடது காதின் கேட்கும் திறன் போனது. இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியிருந்தது. பிறகு அவருடைய அப்பா ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். செயற்கைக் கால்களுடன் பனிச்சறுக்குப் பலகையில் ஏறிய ஏமி, 2014 சோச்சி பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

ஒரே கிருமி எப்படி இத்தனை உறுப்புகளைத் தாக்குகிறது?

தொண்டையில் குடியிருக்கும் எதிரி

சுமார் பத்தில் ஒருவருடைய மூக்கின் பின்பகுதியிலும் தொண்டையிலும் இந்த பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. இருமல், தும்மல், எச்சில் மூலமாகவும் நெருங்கிப் பழகுவதாலும் மற்றவருக்குப் போகும். மிகச் சிலருக்கு மட்டும் அது ரத்தத்தில் நுழைந்துவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், விடுதியில் நெருக்கமாகத் தங்கும் இளைஞர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

எந்த உறுப்புக்கு என்ன ஆகும்?

மூளை: மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறை வீங்குகிறது. கடும் தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியாமை, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்கூச்சம், குழப்பம், வலிப்பு வரலாம். பிழைத்தவர்களில் சிலருக்கு ஞாபகமறதி, கவனக்குறைவு போன்றவை தங்கிவிடுகின்றன.

காது: உள்காதுக்கு வீக்கம் பரவினால் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகலாம். அதனால் குணமான பிறகு செவித்திறன் பரிசோதனை அவசியம்.

ரத்தமும் தோலும்: கிருமி வெளியிடும் நச்சு, ரத்தக் குழாய்களின் சுவரைச் சேதப்படுத்துகிறது. ரத்தம் கசிந்து, தோலில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகளாகத் தெரிகிறது. சில மணி நேரத்தில் அவை பெரிய திட்டுகளாகிவிடலாம்.

கை, கால்: ஒருபக்கம் கசிவு, மறுபக்கம் சிறு குழாய்களுக்குள்ளேயே ரத்தம் உறைகிறது. விரல்களுக்கும் பாதங்களுக்கும் ரத்தம் போகாமல் திசுக்கள் கறுத்து இறக்கின்றன. விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை வருவது இதனால்தான்.

சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி: ரத்த அழுத்தம் வேகமாகக் குறைவதால் சிறுநீரகம் செயலிழக்கலாம். அதன் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியில் ரத்தக்கசிவு ஏற்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மூட்டும் இதயமும்: சிலருக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும். இதயத் தசையும் இதயத்தைச் சுற்றிய உறையும் பாதிக்கப்படலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கழுத்து இறுக்கமும் தோல் புள்ளிகளும் பெரும்பாலும் தாமதமாகவே தெரியும். அதற்கு முன்பே, காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது கையும் காலும் சில்லென்று இருப்பது, கடுமையான கால்வலி, தோல் வெளிறிப்போவது ஆகியவை தென்படலாம். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காது, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று அழும், துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைத்திருக்கும்.

தோலில் புள்ளிகள் இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். புள்ளிகள் மறையாமல் அப்படியே தெரிந்தால் அது அவசர நிலை. மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், மேல் அண்ணம் ஆகிய இடங்களில் பார்ப்பது நல்லது. டெங்குவிலும் இப்படிப் புள்ளிகள் வரும். எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

சிகிச்சை தராவிட்டால் பாதிப்பேர் வரை இறக்கக்கூடிய நோய் இது. சிகிச்சை தந்தாலும் நூற்றில் 10 முதல் 15 பேர் இறக்கிறார்கள். சந்தேகம் வந்தவுடனேயே ஆன்டிபயாட்டிக் ஊசி போடப்படுவது அதனால்தான். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தேவைப்படும். டாக்டர் சொல்வதைத் தட்டாதீர்கள்.

தடுப்பூசி யாருக்கு?

ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது. ஹஜ், உம்ரா செல்பவர்களுக்கு இது கட்டாயம். சவூதி அரேபியாவில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கப்போகும் பிள்ளைகளிடம் பல கல்லூரிகளும் இதைக் கேட்கின்றன. மண்ணீரல் இல்லாதவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் டாக்டரிடம் இதுபற்றிப் பேசலாம். பி வகைக்குத் தடுப்பூசி தனி.

தடுப்பூசியின் பலனுக்கு ஆப்பிரிக்காவே சாட்சி. செனகல் முதல் எத்தியோப்பியா வரையிலான நாடுகளை ஏ வகைக் கிருமி பல ஆண்டுகள் வாட்டியது. 2010-ல் புர்கினா ஃபாசோவில் தொடங்கி, அங்கே கோடிக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. இன்று அந்த வகை அங்கே ஏறத்தாழ மறைந்தேவிட்டது. ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவான விலையில் அதைத் தயாரித்துக் கொடுத்தது, நம் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட்.

காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்பது நம் வழக்கம். பெரும்பாலான காய்ச்சலுக்கு அது போதும். ஆனால், கை கால் சில்லிட்டு, ஆள் மணிக்கு மணி சோர்ந்துகொண்டே போனால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.