ஒரு மீட்டர் மண் போதும்

பெங்களூரு தெருக்களின் வெயிலைத் தணிக்கும் புங்கமரத்தை வளர்ப்பது சுலபம். அதைச் சாகவிடாமல் காப்பதுதான் கடினமாகிவருகிறது.

ஏப்ரல் மாத நடுப்பகல். பெங்களூரு ஜெயநகரின் தெரு ஒன்றில் இளநீர் வண்டி, இஸ்திரி மேஜை, சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்கள் எல்லாம் ஒரே மரத்தடியில் ஒதுங்கியிருக்கின்றன. தரையில் பொரியைக் கொட்டியதுபோல் பூக்கள். கன்னடத்தில் ஹொங்கே, தமிழில் புங்கம். சங்கப் புலவர்கள் 'புன்கு' என்று பாடிய மரம். அதன் பூவை அவர்களும் பொரிக்குத்தான் ஒப்பிட்டார்கள். பொங்காமியா என்ற தாவரவியல் பெயர்கூடத் தென்னிந்தியப் பெயரிலிருந்து பிறந்ததே.

நகரத்துக்கு இந்த மரம் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. வறட்சியைத் தாங்கும், உப்பு மண்ணிலும், சில நாள் நீர் தேங்கும் இடத்திலும் பிழைக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இலையை மாடுகள் அவ்வளவாக விரும்புவதில்லை. முக்கியமானது இலை உதிர்க்கும் காலம். கோடைக்குச் சற்று முன் உதிர்த்து, சில நாட்களிலேயே துளிர்த்துவிடுகிறது. வெயில் உச்சத்துக்கு வரும்போது குடை தயாராக இருக்கும்.

நிழலின் மதிப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹரிணி நாகேந்திரா உள்ளிட்டோர் பெங்களூரில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரங்கள் உள்ள சாலைகளில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பிலோ வித்தியாசம் 27.5 டிகிரி வரை போனது.

இந்த நிழல் தானாக வந்ததல்ல. 1980களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் முன்னின்று நகரில் சுமார் 15 லட்சம் மரங்களை நடச் செய்தார். அவர் 2021இல் காலமானார். அவருடைய பணியின் பலனை இன்னும் பலர் தலைக்கு மேலே அனுபவிக்கிறார்கள்.

புங்கத்தை வளர்க்கப் பெரிய வித்தை தேவையில்லை. காய் தானாக வெடிக்காது. பழுப்பு நிறமாக முற்றியதும் பறித்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் ஒன்றிரண்டு விதைகள் கிடைக்கும். சுருங்காத, பருமனான விதையாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் சுமார் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால், வெதுவெதுப்பான பருவத்தில் இரண்டு வாரங்களில் முளை தலைகாட்டத் தொடங்கும். போத்து நட்டும் வளர்க்கலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பைகளை அவ்வப்போது இடம் மாற்றாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும். பிடுங்கும்போது அது அறுந்தால் கன்று திணறும். பருவமழை தொடங்கும்போது நட்டு, கம்பு ஊன்றிக் கட்டி, முதல் இரண்டு கோடைகளுக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும். புங்கம் தாழ்வாகவே கிளைக்கும். பக்கக் கிளைகளை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவந்தால்தான் நடப்பவர் தலையில் இடிக்காது. மின்கம்பிக்கு நேர் கீழே நடுவது, பின்னாளில் மரத்தைப் பாதியாக வெட்டுவதற்கு இப்போதே நாள் குறிப்பதற்குச் சமம்.

குறைகளும் உண்டு. பூவும் காயும் வாசலை நிறைக்கும். இலைகளில் சிலந்திப் பேன்களால் கொப்புளம் கொப்புளமாக முடிச்சுகள் வரும். பார்க்க அழகில்லை; ஆனால் வளர்ந்த மரம் அதனால் சாவதில்லை.

அதைச் சாகடிப்பது சிமென்ட். நடைபாதை போடுகிறவர்கள் அடிமரத்தை ஒட்டியே கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். வேருக்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேர்கள் அறுபடுகின்றன. பிறகு ஒரு மழையில் மரம் சாய்ந்தால், பழி காற்றின்மேல். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. கர்நாடகத்தில் மரப் பாதுகாப்புச் சட்டம் 1976லிருந்தே இருக்கிறது. அனுமதியின்றி வெட்டினால் குற்றம். மூச்சுமுட்டிச் சாகும் மரத்துக்கு யார் அனுமதி வாங்குகிறார்கள்?

எதையும் தாங்கும் மரம் என்ற பெயரே புங்கத்துக்கு வினையாகிவிட்டது. அது கேட்பது அடியில் ஒரு மீட்டர் மண். பதிலுக்கு ஒரு தெருவின் கோடையை அது ஏற்றுக்கொள்கிறது.