பள்ளி முதலில், வீடு பிறகு

வேலப்பன்சாவடியில் வாடகைக்கு வீடு பிடிக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘டு-லெட்’ பலகை, தெருமுனை மளிகைக் கடைக்காரர், தெரிந்த புரோக்கர் ஒருவர், அட்வான்ஸில் கொஞ்சம் பேரம். வீடு அமைந்தபின் பக்கத்தில் எந்தப் பள்ளியில் வேன் வருகிறது என்று விசாரிப்போம். வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போகும்போதும் இதே வரிசையில் போனால் பணமும் ஒரு படிப்பாண்டும் வீணாக வாய்ப்புண்டு. அங்கே பள்ளியில் இடம் உறுதியானபின் வீடு பார்ப்பதுதான் நல்லது. அதற்கும் முன்னால் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது இங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்னால் நடக்கவேண்டியது.

அந்த வேலை காகித வேலை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் குடியிருப்பது திருவேற்காடு நகராட்சிக்குள் என்பதால் சான்றிதழும் அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். குழந்தை எந்த எல்லைக்குள் பிறந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும். மதுரவாயல் மருத்துவமனையில் பிறந்திருந்தால் சென்னை மாநகராட்சி, பூந்தமல்லியில் பிறந்திருந்தால் அந்த நகராட்சி. பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்பதோடு நின்றிருக்கும். பிறந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டைத் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் உண்டு.

அடுத்தது நமக்கே உரிய இனிஷியல் தொல்லை. தாத்தா பெயர் அப்பாவுக்கு இனிஷியல், அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியல் என்பது நம் வழக்கம். ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று கடைசிப் பெயர் வருவதை வளைகுடா அலுவலகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் சிக்கல் இல்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்கள் விஷயத்தில் அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கண்டிப்பாக இருக்கிறது. இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல். திருமணச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறொரு விதம் என்று இருந்தால் அத்தனையையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி இப்போதே திருத்துங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலக வேலையை நடத்துவது பெரும்பாடு.

பிறகு அட்டஸ்டேஷன். திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் முதலில் மாநில அரசின் துறையில், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை பெறவேண்டும். அதற்குமேல் என்ன வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரு நாட்டின் முத்திரையைத் தூதரக முத்திரை இல்லாமலே மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி அரேபியா ஆகிய நாடுகளும் அதில் இருப்பதால் அங்கெல்லாம் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் அதில் இல்லை. அவற்றுக்குத் தூதரக முத்திரையும் சேரவேண்டும். அமீரகத்துக்குச் சென்னையில் துணைத் தூதரகம் கிடையாது. தில்லியில் தூதரகமும், மும்பை, திருவனந்தபுரம், ஹைதராபாத்தில் துணைத் தூதரகங்களும்தான் இருக்கின்றன. ஆகவே ஏஜென்சி மூலம் அனுப்பி வாங்க ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். பிள்ளையின் டி.சி.க்கும் இதே பயணம் உண்டு. பள்ளியில் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது பரவலான தவறு. கல்வித்துறை மேலொப்பம், வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்ற வரிசை அதற்கும் உண்டு.

இனி பள்ளி. நம்மவர்கள் அதிகம் போகும் துபாய், ஷார்ஜாவையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியில். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆண்டுத் தேர்வே ஏப்ரலில்தான் முடிகிறது. டி.சி. வாங்கி, முத்திரைகள் குத்தி, விசா கிடைத்துப் போய்ச் சேரும்போது அங்கே முதல் பருவம் பாதி ஓடியிருக்கும், ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறையும் நெருங்கியிருக்கும். அதனால் சம்பாதிப்பவர் முதலில் போய்விட்டு, குடும்பம் கோடை விடுமுறை முடியும் நேரத்தில் போய்ச் சேர்வது பலருக்கு ஒத்துவருகிறது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வயதுக் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அமீரகத்தில் ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் மார்ச் 31-க்குள் கே.ஜி. ஒன்றுக்கு 4 வயதும், ஒன்றாம் வகுப்புக்கு 6 வயதும் முடிந்திருக்க வேண்டும். இங்கே ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளையை அங்கே மறுபடி கே.ஜி.யில் உட்கார வைத்தால், அது பள்ளி நிர்வாகத்தின் பிடிவாதம் அல்ல, விதி. சண்டை போட்டுப் பயனில்லை.

துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வை செய்வது கே.ஹெச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. அது பள்ளிகளை ஆய்வு செய்து, மிகச் சிறப்பு முதல் மிகப் பலவீனம் வரை ஆறு நிலைகளில் மதிப்பிட்டு வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் கட்டணத்தையும் அதன் தளத்திலேயே பார்க்கலாம். ‘ரொம்ப நல்ல ஸ்கூல் சார்’ என்ற சிபாரிசைவிட இதை நம்பலாம். ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. 1961-இல் தொடங்கிய துபாய் இந்தியன் ஹை ஸ்கூல், ஷார்ஜா இந்தியச் சங்கம் நடத்தும் ஷார்ஜா இந்தியன் ஸ்கூல் போன்ற பழைய பள்ளிகளில் கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு, இடத்துக்குப் போட்டி அதிகம். ஆகவே ஒரே பள்ளியை நம்பி இருக்காமல் நான்கைந்து இடங்களில் விண்ணப்பியுங்கள். கட்டணத்தோடு பஸ் காசு எவ்வளவு என்றும் கேளுங்கள். அது சிறிய தொகையல்ல. இரண்டாம் மொழியாகத் தமிழ் எல்லாப் பள்ளியிலும் இல்லை. இந்தி, மலையாளம், பிரெஞ்சு மட்டுமே இருக்கும் பள்ளிகளும் உண்டு. அரபி ஒன்பதாம் வகுப்புவரை கட்டாயம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு அதுதான் பெரிய சுமை.

பள்ளி முடிவானபின் வீடு. இங்கே மாதாமாதம் வாடகை, பெரிய அட்வான்ஸ். குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னாலும், கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே தலைகீழ். டெபாசிட் சிறியது, வாடகை ஆண்டுக்கணக்கு. ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். செக் எண்ணிக்கை குறைந்தால் வாடகையும் கொஞ்சம் குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். துபாயில் ஆண்டு வாடகை 60,000 திர்ஹாம், நான்கு செக் என்று வையுங்கள். முதல் செக் 15,000. டெபாசிட், சாமான் இல்லாத வீட்டுக்கு வழக்கமாக 5 சதவீதம், 3,000. ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 5 சதவீதம், அதுவும் 3,000, அதன்மேல் வாட் வரி. மின்சாரமும் தண்ணீரும் தரும் ‘தேவா’வுக்கு அபார்ட்மென்ட் என்றால் 2,000 டெபாசிட். வாடகை ஒப்பந்தத்தை ‘எஜாரி’ என்ற அரசுப் பதிவேட்டில் பதியச் சில நூறு. கட்டிலும் ஃபிரிட்ஜும் வாங்குவதற்கு முன்பே 23,000 திர்ஹாமுக்குமேல் கையைவிட்டுப் போய்விடும். வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக மாதந்தோறும் தேவா பில்லிலேயே சேர்ந்து வரும். இந்தக் கணக்கில் அது மாதம் 250. புதிதாகப் போகிறவர்கள் பலரும் மறந்துவிடும் தொகை. ஏசி குளிரூட்டும் செலவு வாடகையில் அடக்கமா என்பதையும் கேளுங்கள். அடக்கம் என்றால் ‘சில்லர் ஃப்ரீ’ என்பார்கள்.

எஜாரியை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். குடும்ப விசாவுக்கு அது வேண்டும். மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-மும் கம்பெனி தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை ஸ்பான்சர் செய்யலாம் என்பது விதி. ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டி மாளாது. செக் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி வேண்டும். சம்பாதிப்பவர் தனியாக முதலில் போகவேண்டியிருப்பது இந்தச் சங்கிலியால்தான். செலவைக் குறைக்க ஒரு ஃபிளாட்டைத் தடுத்து இரண்டு குடும்பமாக இருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அனுமதியில்லாத பார்ட்டிஷன்களை 2025-இல் துபாய் மாநகராட்சி தேடித்தேடி இடித்தது. செக் திரும்புவது எல்லா நிலையிலும் குற்ற வழக்கு என்றிருந்ததை 2022 ஜனவரியில் தளர்த்தினார்கள். அதற்காக அலட்சியம் கூடாது. செக்கை வைத்து நேரடியாக நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகலாம்.

துபாயில் வாடகைதாரருக்குப் பாதுகாப்பும் உண்டு. வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பும், வீட்டை விற்கவோ தானே குடிவரவோ காலிசெய்யச் சொல்ல 12 மாத முன்னறிவிப்பும் தேவை. எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அரசின் வாடகைக் குறியீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வாடகை குறைவு என்று ஷார்ஜாவிலோ அஜ்மானிலோ வீடு எடுத்து, துபாய்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகும் காசை அல் இத்திஹாத் சாலை நெரிசலும் சாலிக் சுங்கமும் தின்றுவிடும். பிள்ளை விடிவதற்குள் பஸ் ஏறவேண்டியிருக்கும். அப்பாவோ அம்மாவோ துபாய்க்கு அலையட்டும், பிள்ளையின் பள்ளி வீடு இருக்கும் எமிரேட்டிலேயே இருக்கட்டும் என்பேன். ஒரே ஒரு சங்கடம், ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளிக்கிழமையும் விடுமுறை. துபாயில் வெள்ளியன்று அரைநாள் வேலை இருக்கும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்துவைக்க வேண்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சவூதியில் ரியாத், ஜித்தா, தம்மாம் நகரங்களில் தூதரக மேற்பார்வையில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் உள்ளன, கட்டணம் தாங்கக்கூடியது. ஆனால் உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்ட வேண்டும். 2017-இல் 100 ரியாலில் தொடங்கி 2020-இல் அந்த அளவுக்கு வந்தது. நான்கு பேர் குடும்பத்தில் மூவருக்கு ஆண்டுக்கு 14,400. ஓமனில் தலைநகர்ப் பகுதி இந்தியப் பள்ளிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம், அலைச்சல் குறைவு. குவைத் 2022-இல் குடும்ப விசாவை நிறுத்தி, 2024 ஜனவரியில் மாதம் 800 தினார் சம்பள வரம்போடு மறுபடி திறந்தது. கிளம்பும் நாளில் என்ன விதி என்று பார்த்துக்கொண்டு போகவேண்டிய நாடு அது.

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ பிள்ளையை இடம் மாற்றாதீர்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடந்துவிடுகிறது. பெற்றோர் இடமாற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே வாரியம் இடையில் சேர அனுமதிக்கும். திரும்பி வருவதற்கும் இதே கணக்குதான். தமிழ்நாட்டில் தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது, சி.பி.எஸ்.இ. பள்ளிகளையும் 2015-16 முதல் வகுப்பு வகுப்பாக அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆறேழு ஆண்டு இந்தியும் பிரெஞ்சும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மலைப்பாக இருக்கும். பள்ளியில் தமிழ் இல்லையென்றால் வீட்டிலாவது வாரத்துக்கு இரண்டு நாள் எழுதப் பழக்குங்கள்.